ஊர் வேலை பாக்குறவங்க உக்கார ஒரு இடம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சனி ஞாயிறு வந்தா புதுச்சேரி எப்படி இருக்குன்னு உங்க பேப்பர்லயும் போடுறீங்க, மத்த பேப்பர்லயும் போடுறாங்க, கடற்கரை சாலைல கால் வைக்க எடமில்ல, ரூம் எல்லாம் ஃபுல்லு, காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கூட்டம், காபி ஷாப் வாசல்ல க்யூ, ஈசிஆர்ல டிராஃபிக்குன்னு. எல்லாம் உண்மைதான். அந்த கூட்டத்தால நாலு குடும்பத்துக்கு பொழப்பு ஓடுது, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அதே ஞாயித்துக்கெழமை இந்த ஊர்ல இன்னொரு கூட்டம் விடியக்காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு. அவங்க ஊர்க்காரங்க. லீவு நாள்ல வீட்ல படுத்து தூங்காம வாய்க்கா பாக்க, ரத்தம் குடுக்க ஆள் கூட்டிட்டு போவ, புள்ளைங்களுக்கு பாடம் சொல்லித்தர, திருவிழாவுல மோர் ஊத்த ஆள் சேக்கன்னு அலையற ஜனம். அவங்களுக்கு ஆபீஸ் கெடையாது, ரூம் கெடையாது, காபி கடைதான் எல்லாமே. அதப்பத்தித்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்சா முழுசா போடுங்க.

நான் முத்தியால்பேட்டைல இருக்கேன். எங்க தெரு, பக்கத்து தெரு, சோலை நகர்னு சேந்து ஒரு செட்டு இருக்கு. கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து ரிட்டயர் ஆன டீச்சர் அக்கா ஒருத்தங்க, மில்லு ஓடுன காலத்துல ஷிஃப்ட் பாத்த அண்ணன் ஒருத்தரு, மீன் விக்கிற அக்கா ரெண்டு பேரு, தையக்கடை தம்பி, காலேஜ் படிக்கிற பசங்க, அப்புறம் என்ன மாதிரி வீட்டு வேலையும் முடிச்சிட்டு இதுக்கும் ஓடி வர்ற பொம்பளைங்க. சங்கம்னு பேர் வெக்கல, பேனர் இல்ல, தலைவர் செயலாளர் யாரும் இல்ல. ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு காபி கடை, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கெழமை எங்களுக்கு பீச்லதான் ஆரம்பிக்கும். கடற்கரை சாலைல சாயங்காலம் 6 மணியில இருந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, அதனால காலைல அந்த ரோடு நடக்குறவங்க ரோடு. வாக்கிங் வர்றவங்க, பாறை மேல உக்காந்து கடல பாக்குறவங்க, காந்தி செலைகிட்ட யோகா பண்றவங்க, எல்லாரும் இருப்பாங்க. ஒரு ரவுண்டு நடந்துட்டு, உள்ள ஒரு தெருவுல இருக்குற காபி கடைக்கு வருவோம். கடைக்காரண்ணன் பால சுண்ட காய்ச்சி, டிக்காஷன தனியா வெச்சிருந்து, ஆள பாத்ததும் யாருக்கு ஸ்ட்ராங்கு, யாருக்கு சக்கர கம்மின்னு கேக்காமயே போட்டுக் குடுப்பாரு. அந்த கிளாஸ் கைக்கு வந்து ஆறறதுக்குள்ள அன்னிக்கு பூரா என்ன வேலை, யார் எங்க போறது, யார் வண்டி எடுத்துட்டு வர்றது எல்லாம் பேசி முடிச்சாவணும், ஏன்னா பின்னாடி அடுத்த ஆள் நிக்கிறாங்க.

நிக்கிறாங்கன்னு சொன்னேன் இல்ல, அங்கதான் பிரச்சனை. நாங்க எல்லாமே நின்னுக்கிட்டுதான் பேசுறோம். டீச்சர் அக்காவுக்கு முட்டி வலி, கடை வாசல்ல ஒரே ஒரு ஸ்டூலு, அதுல அவங்க உக்காருவாங்க, மடியில நோட்டு. யார் எவ்வளவு பணம் குடுத்தாங்க, எந்த வீட்ல யாருக்கு எந்த ரத்த குரூப்பு, எந்த தெருவுல எந்த வாய்க்கா மூடி ஸ்லாப் ஒடஞ்சிருக்கு எல்லாம் அந்த நோட்டுலதான் இருக்கு. அவங்கள சுத்தி நாங்க நிப்போம், நடுவுல பைக்காரங்க ஹாரன் அடிச்சிக்கிட்டு போவாங்க, பார்சல் வாங்க வர்றவங்க எங்கள தாண்டி கைய நீட்டுவாங்க. இப்படித்தான் ஒரு ஏரியாவோட வேலை நடக்குது. எங்க செட்டு மட்டும் இல்ல, லாஸ்பேட்டைல, முதலியார்பேட்டைல, வில்லியனூர்ல தெரிஞ்சவங்க எல்லாரும் இதே கதைதான் சொல்றாங்க.

ஆம்பளைங்களுக்காவது பரவால்ல. டீக்கடை வாசல்ல பத்து ஆம்பளைங்க நின்னு ஒரு மணி நேரம் பேசுனாலும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அதே எடத்துல அஞ்சு பொம்பளைங்க நின்னா போறவன் வர்றவன் எல்லாம் திரும்பிப் பாக்குறான், வீட்ல வேற "ரோட்ல நின்னு என்ன பேச்சு"ன்னு கேக்குறாங்க. பாத்ரூம் போவணும்னா கடைல கெடையாது, கடற்கரை சாலைக்கு திரும்பி நடக்கணும். நல்லா வேலை செய்யக்கூடிய பொண்ணுங்க எத்தன பேர் இந்த ஒரே காரணத்தால கூட்டத்துக்கு வர்றது இல்லன்னு எனக்கு தெரியும். வீட்டு வாசல்ல கூட்டம் போட்டா வந்துருவாங்க, ஆனா எல்லார் வீட்லயும் எட்டு பேர் உக்கார எடம் இருக்கா, வாடகை வீடா இருந்தா ஓனர் சும்மா விடுவாரா.

சரி பெரிய ஓட்டல்ல போய் உக்காரலாமேன்னு கேப்பீங்க. காபி வெல எங்க போயிருக்குன்னு உங்களுக்கே தெரியும். பிரேசில்ல மழை இல்லாம வெளச்சல் போச்சு, வியட்நாம்ல ரொபஸ்டா வகை கொட்ட கம்மியாச்சு, உலகம் பூரா கொட்ட வெல ஏறுச்சு, அது சிக்கமகளூரு குடகு தோட்டம் வழியா நம்ம தெருவுல அரைக்கிற பொடிக்கடை வரைக்கும் வந்து நிக்குது. ஏசி போட்ட எடத்துல ஒரு காபிக்கு குடுக்குற காசுல எங்க கடைல எங்க செட்டே குடிச்சிரும். பென்ஷன்ல இருக்குற பெரியவங்கள அங்க வாங்கன்னு கூப்புட எங்களுக்கு மனசு வராது. அதுவும் ஞாயித்துக்கெழமை ஒயிட் டவுன் பக்கம் எங்களுக்கு டேபிள் எங்க கெடைக்கும். எங்க கடைக்காரண்ணன் வெல ஏத்துறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து "வேற வழி இல்லக்கா"ன்னு சொல்லிட்டுத்தான் ஏத்துனாரு, அந்த மனுஷன் கடைய மறிச்சிக்கிட்டு நாங்க நிக்கிறது எங்களுக்கே கஷ்டமா இருக்கு.

காபி முடிச்சிட்டு வாய்க்கா. மழைக்கு முன்னாடி இந்த வேலைய விடவே முடியாது. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், நமக்கு வருஷத்துல பாதிக்கு மேல தண்ணி அப்பத்தான். கடலும் பக்கத்துலயே இருக்கு, ஊரு மட்டமாவும் இருக்கு, காத்து மழையில கடல் ஏத்தமா இருந்துச்சுன்னா வாய்க்கா தண்ணிய அது உள்ள வாங்காது, தண்ணி திரும்பி தெருவுக்குத்தான் வரும். அந்த நேரத்துல வாய்க்கால்ல அடைப்பும் இருந்தா அவ்வளவுதான். போன தடவ எங்க பக்கத்துல ஒரு ஸ்லாப்ப கடப்பாரை போட்டு பசங்க நெம்பித் தூக்குனாங்க. உள்ள ஜூஸ் பாட்டிலு, தெர்மாகோலு, ஒரு முழு தலகாணி, கல்யாண வீட்டு பேப்பர் பிளேட்டு அடுக்கோட, எல்லாத்துக்கும் கீழ கல்லாட்டம் இறுகிப்போன சேறு. மூணு அடி வாய்க்கால்ல தண்ணி போவ ஒரு ஜாண்தான் பாக்கி. ஃபோட்டோ எடுத்து, எடம் குறிச்சு, எழுதிக் குடுத்தோம், வந்து அள்ளிட்டும் போனாங்க, அத சொல்லித்தான் ஆவணும். அள்ளுன சேற ஓரத்துலயே ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க, அதுக்கு திரும்ப ஒரு லெட்டர்.

அப்புறம் ரத்தம். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைன்னு எங்கெங்க இருந்தோ ஜனங்க வர்றாங்க, ஊர்ல ஒருத்தரையும் தெரியாது, ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும்னா தெகச்சி நிக்கிறாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வரும், எங்க நோட்ட தொறப்போம். ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம், 18 வயசு ஆயிருக்கணும், எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். இந்த 12.5லதான் எங்க பொம்பளைங்க நெறைய பேர் திரும்பி வந்துர்றாங்க. ஆசையா போவாங்க, வெரல்ல குத்திப் பாத்துட்டு "உங்களுக்கே ரத்தம் பத்தாதும்மா"ன்னு அனுப்பிருவாங்க. மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க அப்படி திரும்பி வந்து அழுதுட்டாங்க, தான் குடுக்க முடியலன்னு. டீச்சர் அக்கா அவங்களுக்கு முருங்கக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் சொல்லிட்டு, முக்கியமா சோறு சாப்ட கையோட காபி டீ குடிக்காதீங்க, இரும்புச்சத்து ஒடம்புல சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்கன்னு சொன்னாங்க. அந்த காபி கடை வாசல்ல நின்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் பொறுத்து திரும்ப போயி அந்த அக்கா குடுத்துட்டு வந்தப்போ எங்க எல்லாருக்கும் அவங்க காசுல காபி.

இப்ப கேளுங்க, ஏன் ஒரு ஏரியா ஜனங்க வாய்க்காலுக்கும் வெளக்குக்கும் தாங்களே லெட்டர் எழுதிக்கிட்டு திரியணும். ஏன்னா எங்க வார்டுக்கு கவுன்சிலர் இல்ல. யார் வார்டுக்கும் இல்ல. வெளியூர்ல இருக்குறவங்ககிட்ட சொன்னா நம்பமாட்டேங்குறாங்க. 1880லயே பிரெஞ்சுக்காரன் காலத்துல கொம்யூன் (உள்ளாட்சி), மேர் (மேயர்), நகர சபைன்னு வந்த ஊரு இது. விடுதலைக்கு அப்புறம் 1968ல தேர்தல் நடந்துச்சு, அடுத்தது 2006ல, நடுவுல 38 வருஷம். அந்த கவுன்சிலருங்க காலம் 2011ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. 2021ல தேதி அறிவிச்சு, எடஒதுக்கீட்டு விஷயத்துல கோர்ட்டு கேசுன்னு போயி நின்னு போச்சு. அஞ்சு நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாமே அதிகாரிங்க கைலதான். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வெச்சே ஆவணும்னு அரசியல் சட்டமே சொல்லுது, 1993ல அமலுக்கு வந்த 74வது திருத்தம் அதுக்குத்தான். 2006ல ஓட்டு போட்ட நாங்க எல்லாம் நடுவயசு தாண்டிட்டோம், எங்க செட்டுல இருக்குற காலேஜ் பசங்களுக்கு கவுன்சிலர்னா என்ன வேலை பாப்பாருன்னே தெரியாது, பாத்ததே இல்ல.

கடற்கரை சாலைல மேரி கட்டடம் இருக்கு பாருங்க, பழைய நகர மண்டபம். 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு, பாத்து அழுதவங்க உண்டு. அத அதே மாதிரி திரும்ப கட்டி 2021ல தொறந்தாங்க, கட்டுனவங்க கைக்கு கும்புடு போடலாம், அவ்வளவு அழகு. காலைல வாக்கிங் போறப்ப ஒவ்வொரு வாரமும் அத தாண்டித்தான் போறோம். நகர சபைக்குன்னு பொறந்த கட்டடம் அது, ஜனங்க தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர் கூட இல்லாம நிக்குதேன்னு எங்க மில்லு அண்ணன் தவறாம சொல்லுவாரு, எங்க யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

ஃபெஞ்சல் புயல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி கரைய கடந்துச்சு, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி, ராணுவம் போட்ல வந்து ஜனங்கள தூக்குனாங்க. அதுக்கப்புறம் சங்கராபரணில வெள்ளம் வந்து வில்லியனூர் பக்கம் முழுகுச்சு. அந்த நேரத்துல எந்த வீட்ல நடக்க முடியாத பாட்டி இருக்காங்க, எந்த வீட்ல கைக்கொழந்த இருக்கு, யாருக்கு டயாலிசிஸ் நாளுன்னு கரெக்டா சொன்னது யாரு, இந்த மாதிரி காபி கடை செட்டுங்கதான். கரண்ட் இல்ல, ஃபோன்ல சார்ஜ் இல்ல, டீச்சர் அக்கா நோட்டுதான் இருந்துச்சு. ஒரு வீட்டு மாடியில அடுப்பு வெச்சு சாம்பார் சாதம் கிண்டி, பால் பவுடர்ல காபி போட்டு கொடத்துல ஊத்தி கழுத்தளவு நனஞ்சுக்கிட்டு பசங்க கொண்டு போய் குடுத்தாங்க. அன்னிக்கு கூடி பேச, சாமான் வெக்க, ஈரம் படாம நாலு பேர் படுக்க ஒரு எடம் தேடுனோம், பக்கத்துல இருந்த ஒரு பொதுக்கூடம் பூட்டியிருந்துச்சு, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. விசாரிச்சு விசாரிச்சு சாவி வந்து சேந்தப்போ தண்ணி வடிய ஆரம்பிச்சிருச்சு.

அந்த கூடம் இப்பவும் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கெடக்கு. கல்யாணம், காதுகுத்துன்னு வாடகைக்கு விட்டா தொறப்பாங்க. ஞாயித்துக்கெழமை காலைல ரெண்டு மணி நேரம் குடுங்க, கூட்டிப் பெருக்கி திரும்ப குடுத்துர்றோம்னு எழுதிக் கேட்டோம். ஃபங்ஷனுக்கு என்ன வாடகையோ அதே வாடகை, டெபாசிட் தனின்னு சொல்லிட்டாங்க. கேட்ட எடத்துல இருந்த ஆளும் பாவம், ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு நான் என்ன பண்றதுன்னாரு. அப்ப ரூல்ஸ மாத்துங்கன்னுதான் கேக்குறேன்.

பெருசா ஒண்ணும் கேக்கல சார். புதுசா கட்டடம் கட்ட வேணாம், அடிக்கல் வேணாம். இருக்குற சமுதாய நலக்கூடத்த ஃபங்ஷன் இல்லாத ஞாயித்துக்கெழமைல அந்த ஏரியா ஜனங்களுக்கு சும்மா தொறந்து விடுங்க, இல்ல கவர்மென்ட் ஸ்கூல்ல ஒரே ஒரு கிளாஸ்ரூம். ஒரு ஃபேனு, ஒரு பாத்ரூமு, நாலு பெஞ்சு, செவுத்துல ஒரு போர்டு. யார் வேணா பேர் எழுதி வெச்சிட்டு உபயோகிக்கட்டும், கட்சி கூட்டம் மட்டும் வேணாம். ஒரு சாவி ஆபீஸ்ல, இன்னொரு சாவி பக்கத்து தெருவுல பொறுப்பான ஒரு பெரியவங்ககிட்ட, அவங்க ஃபோன் நம்பர் கதவுலயே எழுதியிருக்கணும், புயல் வந்தா தேட வேண்டியதில்ல. மாசத்துக்கு ஒரு தடவ இளநிலைப் பொறியாளரோ சுகாதார ஆய்வாளரோ ஒரு மணி நேரம் அங்க வந்து உக்காந்தா பாதி புகார் அங்கயே முடிஞ்சிரும், நாங்களும் பத்து லெட்டர் எழுத வேணாம் அவங்களும் பத்து ஃபைல் தொறக்க வேணாம். காபிய நாங்க போட்டு எடுத்துட்டு வர்றோம், அந்த செலவு கூட யாருக்கும் வேணாம்.

இது தேர்தலுக்கு பதில் இல்ல, அதையும் சேத்து சொல்லிர்றேன். உள்ளாட்சி தேர்தல் நடக்கணும், நாங்க தேர்ந்தெடுக்குற ஆளு எங்களுக்கு பதில் சொல்லணும், அத விட்டுக்குடுக்க யாரும் தயாரா இல்ல. ஆனா கோர்ட்டு, கமிஷன், ஒதுக்கீடுன்னு அது ஆவுறப்ப ஆவட்டும், கதவ தொறக்குறதுக்கு எதுக்கு கோர்ட்டு.

சாயங்காலம் எங்க செட்டுக்கு இன்னொரு வேலை இருக்கு, பத்தாவது பன்னெண்டாவது படிக்கிற புள்ளைங்களுக்கு ட்யூஷன், காசு இல்லாம. இப்போதைக்கு ஒரு கோயில் மண்டபத்துல ஓடுது, விசேஷ நாள்ல எடம் கெடைக்காது, மழை பேஞ்சா சாரல் அடிக்கும், புள்ளைங்க நோட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு செவுத்தோரம் ஒதுங்கும். போன வருஷம் கணக்குல தட்டுத்தடுமாறிக்கிட்டு இருந்த சோலை நகர் பொண்ணு ஒண்ணு இப்ப சின்ன புள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்குது. அது முடிஞ்சு ராத்திரி திரும்ப கடைக்கு வந்து கடைசி காபி, மாசி மகம் வர்ற நேரமா இருந்தா வைத்திக்குப்பத்துல எத்தன எடத்துல மோர்ப்பந்தல், யார் யார் எந்த நேரம் நிக்கிறதுன்னு பேச்சு, இல்லாட்டி மறுநாள் யாருக்கு ரத்தம். அப்பவும் நின்னுக்கிட்டுதான்.

ஐப்பசி பொறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குள்ள உங்க நிருபர் யாராவது ஒரு ஞாயித்துக்கெழமை வந்து, ஒவ்வொரு ஏரியாவுலயும் எத்தன பொதுக்கூடம் இருக்கு, எது தொறந்திருக்கு, எது பூட்டியிருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு பேப்பர்ல போடணும்னு கேட்டுக்கறேன். காலைல 7 மணிக்கு மேல வந்தா நாங்க கடை வாசல்லதான் இருப்போம், கூட வந்து காட்டுறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.